கம்பம் நின்ற பதினைந்து நாள்

எனக்கு அந்த நோய் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் உங்களில் பாதிப் பேர் மேலே படிக்க மாட்டீர்கள்.

நான் ஏழாவது வரை படித்தவள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலை. எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் நம் வயசுக்காரி ஒருத்தி பேத்திக்குக் காது குத்தினாள். பந்திக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து நம் ஊர் மாரியம்மன் நோம்பியைப் பற்றிப் பேசினீர்கள். மூன்று ராட்டினம் வந்த வருஷம். கம்பம் பிடுங்கிய அன்றைக்கே மழை கொட்டிய வருஷம். “அந்த மாதிரி ஒரு நோம்பி அப்பறம் வரவேயில்ல” என்றாள் ஒருத்தி. எல்லாரும் ஆமாம் என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு வண்டி. ஆந்திரா, மராட்டியம், அதற்கும் மேலே போய் போர்வெல் போடுவார்கள். வருஷத்தில் பத்து மாதம் வெளியேதான். வரும்போது சட்டையெல்லாம் பாறைத்தூள். அம்மா எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் பால் மாதிரி போகும். அவரிடம் ஒரு கறுப்பு டேப் ரிக்கார்டர் இருந்தது. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அது பாடும். ரொம்பச் சத்தமாக வைப்பார். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தம்.

கோடையில் ரிக் ஆட்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். அதுதான் அவர்களுக்கு சீசன். அந்த வருஷம் மாசியிலேயே அப்பா வந்துவிட்டார். கூட வந்தவன் மெயின் ரோட்டில் பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டான். வீடு வரை வரவில்லை. அது ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

இடுப்பில் கொப்புளம். முதுகிலிருந்து வயிறு வரை பட்டை கட்டின மாதிரி. பானை செய்கிறவர் வந்து கோழி இறகால் செங்காவி தொட்டு அக்கி எழுதினார். ஆறவில்லை. கழுத்துக்கு ஏறியது. பூசாரி வந்து எட்ட நின்று பார்த்தார். “இது அக்கியில்ல. ஆத்தா எறங்கியிருக்கா” என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷம். அம்மை என்றால் வந்தது சாமி. பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விடும். வாசலில் வேப்பிலை கட்டினோம். வீட்டில் தாளிக்கவில்லை. பொரிக்கவில்லை. தெருப் பெண்கள் காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, செம்புத் தண்ணீரை அப்பா காலில் ஊற்றிக் கும்பிட்டுப் போனார்கள். உங்கள் அம்மாக்களும் வந்தார்கள். நீங்களும் கூட வந்தீர்கள். அப்பாவுக்குக் கூச்சம். “என்னையப் போயி கும்புடறாங்க பாரு. காலக் கூட நெட்டி முறிக்க முடியல” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. கொப்புளம் காய்ந்தது. காய்ச்சல் போகவில்லை. பேதி நிற்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பெரியப்பா அவரைச் சேலத்துக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனார். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கோயில் தர்மகர்த்தா. அவரை உங்களுக்குத் தெரியும். ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத காலம் அது.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வேறு வேறு பஸ்ஸில் வந்தார்கள். பெரியப்பா முதலில் வந்தார். அப்பா அடுத்த ராசிபுரம் பஸ்ஸில் தனியாக வந்து, ரோட்டிலிருந்து வீடு வரை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா எங்கள் வாசல் வேப்பிலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இது ஆத்தா இல்ல. இவன் போன எடத்துல வாங்கிட்டு வந்தது. இதப் போயி ஊரே கும்புட்டுட்டமே” என்றார்.

அம்மா கேட்டாள். “என்னங்க சொல்றீங்க? என்ன வாங்கிட்டு வந்தாரு?”

“எய்ட்சாமா. போய் உம் புருசனையே கேளு.”

அம்மாவுக்கு அந்த வார்த்தை புரிந்த மாதிரி தெரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மறுநாள் குழாயடியில் புரிந்தது. என் குடத்தை யாரும் தொடவில்லை. நான் பிடித்த பிறகு குழாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவர் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் பாட்டுக் கட்டிவிட்டீர்கள். “ரிக்கு ரிக்கு, சீக்கு சீக்கு.” யார் முதலில் கட்டியது என்று எனக்குத் தெரியும். பேரை எழுதவில்லை. காது குத்துக்கு வந்திருந்தாள்.

அப்பாவின் டேப் ரிக்கார்டரையும் துணிமணியையும் பெரியப்பா ஆள் விட்டு எடுத்துப் பாழ் கிணற்றில் போட்டார். எரித்தால் புகை ஊருக்குள் வரும் என்றார். எல்லாரும் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த நோய் புகையில் வராது, குழாயில் வராது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் வந்தார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.

அவர் ஒரு கன்னியாஸ்திரி. ஊருக்கு ஊசி போட வருகிற நர்ஸம்மா சொல்லி வந்தார். மேட்டூர் போகிற வழியில் அவர்கள் ஓர் இல்லம் நடத்தினார்கள். இந்த நோய்க்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு பை. நேராக உள்ளே வந்து அப்பாவின் பாயிலேயே உட்கார்ந்தார். “தொட்டா ஒண்ணும் ஆகாதும்மா” என்று நெற்றியில் கை வைத்தார். அம்மா கொடுத்த மோரை எங்கள் டம்ளரிலேயே குடித்தார். நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எங்க இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வர்றேன்” என்றார்.

“பொழச்சுக்குவாருங்களா சிஸ்டர்?”

“மாட்டாரும்மா. இதுக்கு இங்க இப்ப மருந்து இல்ல. ஆனா வலி தெரியாம பாத்துக்குவோம். புண்ணக் கழுவி விடுவோம். தனியா விட மாட்டோம்.”

அப்படி முகத்துக்கு நேராகச் சொல்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா அழவில்லை. கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் புளி உருட்டிக்கொண்டிருந்தேன். “அந்தம்மா கைய வெச்சுது பாரு, சில்லுனு இருந்துது. நா அங்கயே போயர்றேன். இங்க உன்னால ஆவாது.”

பெரியப்பா விடவில்லை.

“அங்க போனா சாவறப்பக் கழுத்துல சிலுவையப் போட்டு உட்ருவாங்க அம்மிணி. தர்மகர்த்தா தம்பி சிலுவையோட போனான்னு நாளைக்கு ஊரு பேசோணுமா?”

“எதையோ போட்டுட்டுப் போறாங்க. ஒருத்தரு கிட்ட வந்து உக்கார்றாங்களே, அது போதுங்க.”

“நீ முடிவு பண்றதுன்னா அப்பறம் ஊரு எதுக்கு, கோயிலு எதுக்கு? ஆத்தாளையே கேட்ருவோம். அவ போவச் சொன்னா நா குறுக்க நிக்கல.”

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் பேசுவதானாலும் நம் ஊரில் ஆத்தாளைக் கேட்பார்கள். பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, சாமி காலடியில் வைப்பார். வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

இந்தக் காரியத்துக்கு யாரும் தங்கள் பிள்ளையைத் தரவில்லை. “அவங்கூட்டுப் புள்ளையே எடுக்கட்டும்” என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலை. அம்மா என் தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஈரப் பாவாடையோடு கூட்டிப்போனாள். எப்போதும் வெள்ளைக்கு வெள்ளரளி வைப்பார்கள். அரளிக்கு வாசம் இல்லை. அன்றைக்கு வெள்ளரளி கிடைக்கவில்லை போலிருக்கிறது. பூசாரி, சாமி கழுத்து மாலையிலிருந்து நாலு மல்லிகை உதிர்த்து மடித்திருக்கிறார். கற்பூரப் புகையில் எட்ட நின்ற பெரியவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் மண்டி போட்டுக் குனிந்தேன். இடது பக்கப் பொட்டலத்தில் மல்லிகை வாசம் வந்தது.

“ஆத்தாள நெனச்சுக்கிட்டு ஒண்ண எடு சாமி” என்றார் பூசாரி.

இடது பக்கம் வெள்ளை. எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அங்கே போக ஆசை என்றும் தெரியும். ஆனால் வண்டியில் ஏறினால் அவர் திரும்ப மாட்டார் என்றும் தெரியும். நோம்பிக்கு ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் வலது பக்கப் பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி. “ஆத்தா வேண்டாங்கறா” என்றார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அப்படியே நின்றாள்.

அப்பாவிடம் போய்ச் சொன்னோம். “சரி உடு” என்றார். 

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அம்மா தெருமுனையிலேயே போய் நின்று சொன்னாள். “சாமி உத்தரவு குடுக்கலீங்க சிஸ்டர்.”

சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ரெண்டு நாள் கட்டில வெச்சிருக்கேம்மா. மனசு மாறினா நர்ஸம்மாகிட்ட சொல்லி அனுப்புங்க” என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. அம்மா சாகும் வரை, சாமிதான் வேண்டாம் என்றது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கம்பம் நட்டார்கள். மூன்று கிளை வைத்து வெட்டின மரம். கோயில் வாசலில் நட்டு மஞ்சள் பூசி வேப்பிலை சுற்றினால் அது ஆத்தாளின் புருஷன். பதினைந்து நாள் நிற்கும். தினமும் பெண்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பம் நிற்கிற போது ஊருக்குள் பிணம் விழக் கூடாது. விழுந்தால் எல்லாம் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சமைத்தது, விருந்துக்கு அழைத்தது, ராட்டினம் எல்லாம் வீண்.

அதனால் திங்கட்கிழமையே பெரியப்பா வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். “அவனக் கொண்டு போயி உங்க காட்டு மோட்டார் ரூமுல உடு” என்றார்.

எங்கள் காடு, வெள்ளாமை நிலம், ஊரெல்லைக் கல்லுக்கு அப்பால். அம்மா கேட்டாள். “எங்கயும் போவ வேண்டாம்னு ஆத்தா சொல்லிட்டாளேங்க?”

“ஆசுபத்திரிக்குப் போவ வேண்டாம்னு சொன்னா. மோட்டார் ரூமுக்குப் போவ வேண்டாம்னா சொன்னா?”

“அப்ப இதுக்கும் ஒருக்காப் பூக் கேட்ரலாங்களா?”

“நோம்பியும் அதுவுமா வெளையாடறியா? அவன் இங்கயே போயிட்டான்னா உங்க ரெண்டு பேத்தையும் ஊரு உடாது. யோசிச்சுக்க.”

அம்மா யோசித்தாள். யோசிக்க என்ன இருந்தது? அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பாவை நடத்திக்கொண்டு போனோம். வழியெல்லாம் கதவு சாத்தியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் நாங்கள் தாண்டிய பிறகு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

அம்மா காப்புக் கட்டினவள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண். அவள் அங்கே போய் வந்தால் கோயில் பக்கம் வரக் கூடாது. தண்ணீர் ஊற்ற வராவிட்டால் ஊரில் சேர்த்தி இல்லை. எனக்குத் தீட்டு இல்லை, வயசுக்கு வராதவள். அதனால் சோறு கொண்டு போவது நான். அம்மா தினமும் விடியலில் குளித்து, வரிசையில் கடைசியில் நின்று, அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான் தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினேன்.

மோட்டார் ரூம் என்பது ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற இடம். ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் பெட்டி. கிரீஸ் நாற்றம். தரையில் எண்ணெய்க் கறை. கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். காது அடைக்கும். அப்பா அதைப் பற்றி மட்டும் குறை சொல்லவில்லை. “கம்ப்ரசர் பக்கத்துல படுத்த மாதிரியே இருக்குது” என்றார். முதுகில் புண் வந்து தரையோடு ஒட்டியது. நான் எடுத்துவிடப் போனால், “தொடாத சாமி” என்பார். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று சிஸ்டர் சொன்னதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். இருந்தும் அவர் விடவில்லை. நானும் தொடவில்லை.

ஒருநாள் கேட்டார். “ராட்டினம் வந்துருச்சா?”

“வந்துருக்குதுங்கப்பா. மூணு.”

“ஏறுனியா?”

“இல்லீங்.”

“ஏன்?”

“என்னைய ஏத்த மாட்டீங்கறாங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடுப்பைத் திருப்பி, பிறகு காலைத் திருப்பி.

கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற ஆட்டத்தின் தப்பட்டைச் சத்தம் அங்கே கேட்கும். அவர் கால் பெருவிரல் தாளத்துக்கு அசையும். அவர் நன்றாக ஆடுவார். உங்கள் அப்பாக்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். இப்போது கேட்க அவர்களும் இல்லை.

தீக்குண்டத்தில் பூ மிதிக்கிற நாள் காலையில் நான் போனபோது கண் திறந்திருந்தது. வாயில் எறும்பு.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயில் வேலிக்கு வெளியே நின்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அவர் சைக்கிளில் வந்தார். மோட்டார் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். தம்பியின் பேரை ஒருமுறை சொன்னார். பிறகு கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

“நாளைக்கு மத்தியானம் கம்பம் புடுங்கற வரைக்கும் மூச்சு உடக் கூடாது அம்மிணி. குண்டத்துல கங்கு போட்டாச்சு. எட்டூருச் சனம் வந்து கெடக்குது. எப்பவும் போலச் சோறு போவட்டும். போசி போறதும் வாறதும் சனம் பாக்கோணும்.”

அம்மா சொன்னாள். “பொணத்துக்கா சோறு அனுப்பறது?”

“நீயி இந்த ஊருல பொழைக்கோணுமா வேண்டாமா? இதச் செஞ்சு குடு. உன்னைய யாரும் ஒண்ணுஞ் சொல்லாம நா பாத்துக்கறேன். ஆத்தா சத்தியம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் போசியை எடுத்தாள். நோம்பிச் சோறு. பருப்பு, ரசம், ஒரு வெல்லக் கச்சாயம்.

“உள்ள போயி கதவச் சாத்திக்க. வெளிய உக்காந்தா யாராச்சும் பாப்பாங்க. சோத்த அங்க கொட்டிராத, நாய் கூடும். நாய் கூடுனா தெரிஞ்சு போயிரும். போசி காலியா வரோணும்” என்றாள்.

“என்ன பண்றது?”

“நீயே உண்டுட்டு வந்துரு.”

நான் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கால்மாட்டில் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தேன். முதலில் முடியவில்லை. பிறகு பசித்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன். கச்சாயத்தையும் சாப்பிட்டேன். நடுவில் கரண்ட் வந்து மோட்டார் ஓடியது. வாய்க்காலில் போசியைக் கழுவிக்கொண்டு ஊர் வழியே நடந்து வந்தேன். பொழுது சாய ஒருமுறை. மறுநாள் காலை ஒருமுறை. மூன்று வேளை. கடைசி வேளை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

மறுநாள் மத்தியானம் கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்டார்கள். திரும்பி வரும்போது மழை பிடித்தது. எல்லாரும் நனைந்துகொண்டே குலவையிட்டீர்கள். அந்த மழைதான். அந்த மழையில் பெரியப்பா, “தம்பி இப்பத்தான் போயிட்டானாம்” என்று அழுதார். இரண்டு ஆட்கள் பாலிதீன் தாளில் சுற்றித் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். தீ வைக்கவில்லை. அதற்கு யாரும் வரவில்லை.

தூக்கின ஆட்களுக்கு மூக்கு இருந்தது. “இது இன்னிக்குச் செத்த பொணமில்ல, ஊதியிருக்குது” என்று பிராந்திக்கடையில் சொன்னார்கள். மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. கம்பம் நிற்கும்போது பிணத்தை மறைத்தது யார்?

அம்மா உண்மையை ஒளிக்கவில்லை. “மூத்தாரு சொல்லித்தானுங்க செஞ்சேன்” என்று சொல்லிவிட்டாள்.

பெரியப்பா எழுந்தார். “நானா? ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

அதே ஆத்தா, அதே சத்தியம். கூட்டம் இரண்டு பக்கமும் பார்த்தது. பூசாரி சொன்னார். “சோறு கொண்டு போனது புள்ளதான? வயசுக்கு வராத புள்ள. அதையே கேளுங்க. அது சொன்னா ஆத்தா சொன்ன மாதிரி.”

என்னை நடுவில் நிறுத்தினார்கள். ஈரத் துணி இல்லை, வேறெல்லாம் பூக் கேட்ட அன்றைக்கு மாதிரியே. பெரியப்பாதான் கேட்டார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் அவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், “நர்ஸம்மா ரத்தம் பாத்ததுல உங்கம்மாளுக்கும் அந்த சீக்கு இருக்குதாம். அவளுஞ் சீக்கிரம் போயிருவா. நீ எங்கூட்டுல இருந்துக்கலாங் கண்ணு.”

“பயப்படாமச் சொல்லு கண்ணு. அன்னிக்கு உங்கையில சோறு குடுத்து அனுப்புனது யாரு?”

“அம்மாங்க” என்றேன்.

“உண்டுட்டு வந்துருன்னு சொன்னது யாரு?”

“அம்மாங்க.”

பொய் இல்லை. அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் காறித் துப்பினாள். “பெத்த புள்ளைய எழவுச் சோறு திங்க வெச்சிருக்கா பாரு, பாதகத்தி.”

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பாவையும் பார்க்கவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அம்மா நர்ஸம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மறுநாள் காலை வண்டி வந்தது. இந்த முறை யாரும் பூக் கேட்கவில்லை. சிலுவை பற்றியும் யாரும் பேசவில்லை. நான் பெரியப்பா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அம்மா ஒரு பையோடு ஏறினாள். சிஸ்டர் கை கொடுத்து ஏற்றினார்.

பெரியப்பா என்னை வளர்த்தார். பொய் சொல்லக் கூடாது. நன்றாகத்தான் வைத்திருந்தார். அவரே கல்யாணமும் செய்து வைத்தார். கடைசிக் காலத்தில் அவருக்குப் படுக்கைப் புண் வந்தபோது நான்தான் கழுவிவிட்டேன். அவர் அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது நோம்பிக் கூட்டத்தில் கோயில் மைக்கிலேயே சொல்கிறார்கள், தொட்டால் வராது, ஒதுக்காதீர்கள், மாத்திரை இலவசம் என்று. பூசாரியின் மகன் திருநீறோடு நோட்டீசும் கொடுக்கிறான். நல்லதுதான். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா அங்கே பதினோரு மாதம் இருந்தாள். நடுவில் இரண்டு தடவை சிஸ்டர் என்னைக் கூப்பிட வந்தார். பெரியப்பா தடுக்கவில்லை. “போறதுன்னா போயிட்டு வா” என்றார். நான் முதல் தடவை வயிற்றுவலி என்றேன். இரண்டாம் தடவை கோழிக் கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க பயம்.

மூன்றாம் தடவை சிஸ்டர் வந்தது சொல்லிவிட்டுப் போக. ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய்விட்டாள் என்றார். வலி இல்லை. கூட நாலு பேர் இருந்தோம். தலை சீவி, பொட்டு வைத்து, உங்கள் முறைப்படியே அடக்கம் செய்தோம் என்றார். கழுத்தில் எதுவும் போடவில்லை என்பதையும் பெரியப்பா கேட்காமலே சொன்னார்.

பெரியப்பா உள்ளே போனார். நானும் சிஸ்டரும் வாசலில் நின்றோம். அவர் என் தலையில் கை வைத்தார். அப்பா சொன்ன மாதிரி சில்லென்றுதான் இருந்தது.

“அம்மா என்னையக் கேட்டுதுங்களா?” என்றேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

“இல்லம்மா” என்றார். “ஒரு நாளும் கேக்கல.”